உன் பச்சைக் கார்

இன்று காலைப் பூசைக்குப் போக நல்ல உடுப்பாக எடுக்கலாமென்று தகரப் பெட்டியைத் திறந்தேன். கல்லறைத் திருநாள். பெட்டியின் அடியில் என் கல்யாணக் கோட்டு கிடந்தது. அந்துருண்டை வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. கோட்டை எடுத்து உதறினேன். உள்பையிலிருந்து ஏதோ விழுந்து தரையில் ணங்கென்றது. குனிந்து பார்த்தால், சாவி.

ஆறு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த சாவி. உன்னை அடக்கம் செய்த மறுவாரமே தேடத் தொடங்கிவிட்டேன். அரிசிப் பானையில் கைவிட்டுத் துழாவினேன். மாதா சுரூபத்தைத் தூக்கிப் பார்த்தேன். உன் தலையணையைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு நானே தைத்து வைத்தேன். வான்கோழிக் கூண்டைக்கூட விடவில்லை. நீ அதை என் கோட்டுப் பையில் வைத்திருக்கிறாய். கல்யாணமான இரண்டாம் வருடமே எனக்கு வயிறு போட்டுவிட்டது, அந்தக் கோட்டை இனித் தொடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். இந்த வீட்டில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் நான்தான் என்பதும் தெரிந்திருக்கிறது.

கொட்டகைக்குப் போனேன். பூவரச மரத்தைச் சுற்றி, காரின் முன்அச்சுக்கு அடியில் நுழைந்து, மறுபடியும் மரத்துக்கே வந்து சேரும் சங்கிலி துருவேறிக் கிடந்தது. எண்ணெய் விட்டுத் திருப்பியதும் பூட்டுத் திறந்தது. உள்ளே ஏறி, என் பக்கத்துச் சீட்டில், இடதுபுறம் உட்கார்ந்தேன். உன் பக்கம் காலி. சனிக்கிழமை தவறாமல் நீ தேய்த்த தேங்காயெண்ணெய் இன்னும் தோல் சீட்டில் மணக்கிறது. கோயில் மணி அடித்தது. இறங்கி, மறுபடியும் பூட்டிவிட்டுத்தான் போனேன். இப்போது சாயங்காலம். வெளியே தூறுகிறது. உன்னிடம் முழுதாகச் சொல்லாமல் விட்டதை எழுதி வைக்கலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை நான் முதலில் பார்த்ததே அந்தச் சங்கிலியால்தான். துறைமுகத்துக்கு எதிரே என் கடை. கயிறு, தார்ப்பாய், பெயிண்ட், நங்கூரச் சங்கிலி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கடைக்கு மேலேயே ஓர் அறையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணத்தைப் பற்றி நினைக்காமல் இருந்தவன் நான். ஒரு நாள் மத்தியானம் நீ வந்தாய்.

"நல்லா கெட்டியா ஒரு சங்கிலி குடுங்க. பன்னெண்டு அடி."

"எந்தப் படகுக்கு?"

"படகுக்கு இல்ல. காருக்கு."

"காரை எதுக்குக் கட்டிப் போடணும்? ஓடிப் போயிருமா?"

"அது ஓடாது. ஓட்டிகினு பூடுவானுங்க."

நீ சிரிக்கவில்லை. ஒவ்வொரு வளையமாக இழுத்துப் பார்த்தாய். கூலிக்கு ஆள் வேண்டாமென்று சொல்லிவிட்டு, முந்தானையை மடித்துத் தோளில் வைத்து, அதன்மேல் சங்கிலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தாய். அடுத்த வருடம் பங்குச் சாமியார் உன்னைப் பற்றிச் சொல்லி, "விதவைதான், பிள்ளை இல்லை, நல்ல பெண்" என்று இழுத்தபோது, "சங்கிலி வாங்குனவங்களா?" என்று மட்டும்தான் கேட்டேன். ஆமாம் என்றார். சரி என்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நான்தான் உன் வீட்டுக்குக் குடிவந்தேன். அது உன் வீடு மட்டுமில்லை, அவன் வீடும்தான். அவன் என்று எழுதுகிறேன். உன் முன்னால் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. உன் முதல் கணவன் சட்டைப்பையில் ஸ்பானரோடு படத்தில் நின்றான். நான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே மாட்டியிருந்தாய். தொண்டையார்பேட்டையில் லாரி மெக்கானிக்காக இருந்தவன். ஜாக்கி நழுவி, லாரிக்கு அடியில் அகப்பட்டுச் செத்துப்போனான். அவன் இருந்தபோது, யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானதே, அப்போது துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும் அவசரத்தில் அவனிடம் விட்டுப் போன கார் அது. அப்போதே பத்து வயதான கார். பச்சை உடம்பு, கறுப்பு மட்கார்டு, மடக்குகிற துணிக்கூரை, ரப்பர்ப் பந்தை அமுக்கினால் கத்துகிற ஹாரன்.

யுத்தம் முடிந்த பிறகு புது வண்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஜனங்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பழைய வண்டிகளின் மேல்தான் எல்லோருக்கும் கண். ஒரு ராத்திரியில் நாலு சக்கரமும் கழன்று போய்க் கல்லின்மேல் நின்ற வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். அதனால் நீ பயந்ததில் தப்பில்லை. ஆனால் நீ காவல் காத்த விதம்! வண்டியை நிறுத்தியதும் முன்மூடியைத் தூக்கி, எஞ்சினில் ஒரு மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து கட்டைவிரல் அளவு ஒரு கறுப்புச் சாமானை எடுத்து இடுப்புச் சுருக்குப் பையில் போட்டுக்கொள்வாய். அதற்கு ரோட்டர் என்று பேர். அது இல்லாவிட்டால் எந்தக் கொம்பன் வந்தாலும் வண்டி கிளம்பாது என்பாய். அப்புறம் சங்கிலி, பூட்டு. மதிலில் கண்ணாடிச் சில்லு. இத்தனைக்கும் மேல் அந்த வான்கோழி. யார் உள்ளே வந்தாலும் ஊரைக் கூட்டும். மூன்று வருடம் தீனி போட்ட பிறகும் என்னைப் பார்த்துக் கத்தியது.

சனிக்கிழமைகளில் எண்ணெய்த் துணியோடு காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாய். என் சோறு ஆறிக்கொண்டிருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்பாய். அப்படி என் பேச்சை நீ கேட்டதாக எனக்கு நினைவில்லை. உனக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அடுத்தவர்களிடம் பேசும்போது என்னையும் 'அவரு' என்பாய், அவனையும் 'அவரு' என்பாய். "அவருக்கு நெத்திலின்னா உசுரு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாய். எந்த அவரு என்று நான் உள்ளே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். எனக்கு நெத்திலி ஆகாது என்று அப்புறம்தான் உறைக்கும்.

ஒருதரம் கேட்டேன். "இதை வித்துட்டா உனக்கும் நிம்மதிதானே?"

"உங்க கடைய வித்துடுங்களேன்," என்றாய், என் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

கல்யாணமான மறுவருடம் எனக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்திருந்தேன். நீ கல்மண்டபத்துக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாய். காலை பதினோரு மணி இருக்கும். வான்கோழி கத்தியது. எழுந்து வெளியே வந்தேன். காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேர் கொட்டகையில் நின்றார்கள். தெருவில் ஒரு லாரி.

"ஒர்க்ஷாப்புலேர்ந்து வரோம் சார். அம்மா வண்டிய இட்டாரச் சொன்னாங்கோ."

"எந்த அம்மா?"

"இன்னா சார், வூட்டுக்கார அம்மாதான்."

பொய் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அந்த வண்டியில் ஓர் ஆணியைக்கூட நீ வெளியாளைத் தொடவிட்டதில்லை. நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், தெரு திரண்டிருக்கும். எதிர்வீட்டில் வலை பின்னிக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"சங்கிலி பூட்டிக்கீதே. சாவி கெடைக்குமா சார்?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான்.

உள்ளே போனேன். அப்போது சாவி திருஇருதயப் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதை எடுக்கும்போது பக்கத்துப் படத்தில் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொண்டுவந்து கொடுத்தேன். காய்ச்சலில் புத்தி பேதலித்துச் செய்தேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். உன்னிடம் அந்தப் பொய் வேண்டாம். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அவர்கள் வண்டியைக் கயிற்றில் கட்டி லாரிக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள். போகும்போது ஒருவன் ஓடிவந்து, பூட்டையும் சாவியையும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "வெச்சுக்கோங்க சார், அம்மா தேடப்போறாங்க" என்றான். பூட்டைச் சங்கிலியிலேயே தொங்கவிட்டுவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாக எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

நீ திரும்பி வந்து கொட்டகையைப் பார்த்துவிட்டுக் கூடையைக் கீழே போட்டாய். கத்தரிக்காய் உருண்டு வாசல்வரை போனது.

"வண்டி எங்க?"

"எனக்குத் தெரியாது. காய்ச்சல்ல தூங்கிட்டேன்."

நீ சங்கிலியைத் தூக்கிப் பார்த்தாய். "அறுக்கல. பூட்டும் ஒடையல." உள்ளே போய் ஆணியைப் பார்த்தாய். சாவி இருந்தது.

"கள்ளச்சாவி போட்டிருப்பான்," என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். முகம் கழுவிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாய். எழுதி வாங்கிக்கொண்டார்கள், தேடுவதாகச் சொன்னார்கள். திரும்பி வந்ததும் சுருக்குப் பையைத் திறந்து அந்த ரோட்டரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாய். "அவங்க தேடட்டும், நானும் தேடறேன். வண்டி அவன்கிட்ட கீது, உசுரு என்கிட்ட கீது. இதே மாதிரி ஒண்ணு கேட்டுகினு எவனாச்சும் பழைய இரும்புக் கடைக்கு வந்துதான் ஆவணும்," என்றாய்.

மறுநாளிலிருந்து நடந்தாய். இரண்டாம் நாள் உன்னைத் தனியாக விட மனம் கேட்காமல், காய்ச்சல் விட்டதும் விடாததுமாகக் கடையைப் பூட்டிவிட்டு நானும் கூட வந்தேன். உனக்காக வந்தேனா, நீ கண்டுபிடித்துவிடுவாயோ என்ற பயத்தில் வந்தேனா, இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ராயபுரத்தில் ஒரு கடை விடவில்லை. காசிமேடு, தொண்டையார்பேட்டை, திருவொற்றியூர். ஒவ்வொரு கடையிலும் ரோட்டரை எடுத்துக் காட்டி, "இத்த மாதிரி கேட்டுகினு யாராச்சும் வந்தா எனக்குச் சொல்லி அனுப்புங்க நைனா" என்பாய். கடைக்காரர்கள் முதலில் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். நீ இரண்டு கேள்வி கேட்டதும் உன் பக்கம் திரும்பிவிடுவார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றைச் சொன்னால் கோபித்துக்கொள்வாய். அந்த நாட்களைப்போல் நாம் அதற்கு முன்னால் சந்தோஷமாக இருந்ததில்லை. நாலாம் நாள் எண்ணூர்வரை போனோம். கழிமுகத்துக்குப் பக்கத்தில், உப்பளக் காற்றில், மசால்வடை வாங்கித் தின்றோம். நீ செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு பேசினாய். அத்தனை பேச்சு உன்னிடம் இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது.

"இங்கதான் ஓட்டக் கத்துகினேன். அவரு பக்கத்துல குந்திகினு, க்ளச்சு க்ளச்சுன்னு கத்துவாரு. நான் நேரா அந்த மணல்ல வுட்டேன். எறங்கி அம்மாம் சிரிப்பு சிரிச்சாரு. அப்பால ரெண்டு பேரும் தள்ளினோம்."

சொல்லிவிட்டு நீயும் சிரித்தாய். நான் உன்னோடு எண்ணூருக்கு வந்தது அதுதான் முதல்முறை. அங்கேயும் எனக்கு முன்னால் வந்து அவன் மணலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, வண்டி போனது போனதுதான் என்று அந்த இடத்தில் மனதார நினைத்தேன். நினைத்துக்கொண்டே உனக்குச் செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் திருவொற்றியூரில் ஒரு பழைய இரும்புக்காரர் நம்மைக் கண்டதும் கையைத் தட்டிக் கூப்பிட்டார். "வாம்மா. நேத்து ஒருத்தன் வந்தான். நீ காட்டின சாமானேதான் கேட்டான். எர்ணாவூராண்ட சவுக்குத் தோப்புக்குப் பின்னாடி கொட்டாய் போட்டுக்கீறான்."

நீ ஓடாத குறைதான். வயிற்றுவலி, வீட்டுக்குப் போவோம் என்றேன். "அப்ப நீங்க போங்க," என்றாய். எப்படிப் போவேன்?

கொட்டகையில் நம் கார் நின்றது. ஒரு பக்கம் பச்சையைச் சுரண்டிக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மறுபக்கம் இன்னும் பச்சை. அன்று வந்தவர்களில் பூட்டைத் திருப்பிக் கொடுத்தவன் பிரஷ்ஷோடு நின்றான். உன்னை அவனுக்குத் தெரியவில்லை.

"இது என் வண்டி," என்றாய்.

"போம்மா. இது நாங்க வாங்கின வண்டி."

"சீட்டைத் தூக்கிப் பாரு. பலகைல பேரு எழுதிக்கீது."

அவன் அசையவில்லை. நீயே போய்ச் சீட்டைத் தூக்கினாய். அதற்குள் தோப்பில் விறகு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். பலகையில் ஆணியால் கீறி எழுதியிருந்தது. உன் பெயர் மட்டும். கோணல்மாணலாக, உன் கையெழுத்தில்.

அப்போதுதான் அந்தப் பையலின் கண் என்மேல் விழுந்தது. "தோ, இந்த சார்தான்!" என்று கையை நீட்டினான். "இன்னா சார் நீங்க, நீங்கதான சாவி எடுத்தாந்து குடுத்தீங்கோ? பூட்டைக்கூட திருப்பிக் குடுத்தேனே! இப்ப அம்மாவ இட்டுகினு வந்து பேஜாரு பண்றீங்களே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். பிறகு அவன் பக்கம் திரும்பினாய்.

"ஆமா, அவருதான் குடுத்தாரு. ரிப்பேருக்குக் குடுத்தாரு. ரிப்பேர் ஆயிடுச்சு இல்ல? எடுத்துகினு போறேன். டாங்க்ல பெட்ரோல் ஊத்து."

"பெட்ரோலா?"

"ஊத்தறியா, இல்ல ஸ்டேஷனாண்ட போய்ப் பேசிக்கலாமா?"

ஊற்றினான். நீ ரோட்டரைப் பொருத்தி மூடியை மாட்டினாய். முன்னால் போய்க் கைப்பிடியைச் செருகி, ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவதில் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. நான் இடதுபக்கம் ஏறிக்கொண்டேன். அன்று நீ சொன்ன 'அவரு' நான்தான். அதில் சந்தேகமே இல்லை. இப்படித்தானா எனக்கு அது கிடைக்க வேண்டும்?

எர்ணாவூரைத் தாண்டி, கடலோரத்தில் ஆளில்லாத ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினாய்.

"எறங்குங்க."

இறங்கினேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாய். பாதி பச்சையும் பாதி கறுப்புமாக அது சின்னதாகிச் சின்னதாகி மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலையில் சங்கு ஊதி ஷிப்டு மாறி, ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். நீ எங்கே போயிருப்பாய், அந்தச் சவாரியில் யாரை நினைத்துக்கொண்டு போயிருப்பாய் என்று அப்போதும் என் புத்தி அங்கேயேதான் சுற்றியது. வீட்டுக்குள் நுழைந்ததும் வான்கோழி கத்தியது. நீ வண்டியில் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாய்.

"எம்மாம் நேரம் ஆச்சு?"

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல."

"நான் எட்டு நாளு நடந்தேன்." சுரண்டுவதை நிறுத்தவில்லை. "வண்டியக் குடுத்ததுகூட போவட்டும். கூடவே நடந்துகினு இருந்தீங்களே. குடை புடிச்சுகினு. செருப்பு எடுத்துக் குடுத்துகினு. அதான் எனக்கு ஆற மாட்டேங்குது."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாத்துக்குப் பண்ணீங்க?"

"இது போயிட்டா, அவர் நினைப்பும் உனக்குப் போயிரும்னு நினைச்சேன்."

"செத்தவராண்ட இன்னாங்க போட்டி?"

"உயிரோட இருந்தா சண்டை போட்டுப் பாக்கலாம். செத்தவர்கிட்ட எப்படி ஜெயிக்கது?"

நீ துணியைக் கீழே வைத்தாய். உனக்குக் கண் கலங்கியது அப்போதுதான். "அவரு நெனப்பு வண்டில இல்ல. எங்க கீதுன்னு எனக்கே தெரியாது. சில நாளு வரும், சில நாளு வராது. ஆனா வண்டி என்னுது. அவரு கத்துக் குடுத்தாரு, இல்லன்னு சொல்லல. அவரு போன அப்பால நானே பிரிச்சு, நானே மாட்டி, நானே ஓட்டினது. நல்லா ஓட்ட வந்த அன்னிக்குத்தான் பேரு எழுதினேன். இந்தத் தெருவுல எந்தப் பொம்பளைக்கு, தோணினப்ப ஏறி ஒரு எடத்துக்குப் போய் வர இன்னா கீது? எனக்கு இது ஒண்ணு கீது. அத்தத் தூக்கி எவனுக்கோ குடுத்துட்டீங்களே."

மன்னித்துவிடு என்றேன். "கை கால் கழுவிகினு வந்து சாப்புடுங்க," என்றாய். மன்னித்ததாகச் சொல்லவில்லை. சொல்லவே இல்லை.

அந்த வண்டி அவனுடையதில்லை, உன்னுடையது என்று தெரிந்த பிறகு என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இடம்தான் மாறியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாம் போகும்போது, "பொம்பள ஓட்டிகினு போறா, ஆம்பள குந்திகினு போறான் பாரு" என்று சிரிப்பார்களே, அது எனக்கு உறைத்ததில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் உன் முகத்தில் வரும் ஒரு வெளிச்சம்தான் உறைத்தது. அதை நான் ஒருநாளும் உன் முகத்தில் வரவழைத்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் கொடுத்துவைத்திருந்தேன்.

திருஇருதயப் படத்துக்குப் பின்னால் அன்று முதல் சாவி தொங்கவில்லை. எங்கே வைக்கிறாய் என்று ஒருதரம் கேட்டேன். "திருடனுக்குப் பயந்து ஒளிச்சு வெக்கறேன். எந்தத் திருடன்னு மட்டும் கேக்காதீங்க," என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனாலும் எட்டு வருடம் ஒரே பாயில் படுத்திருந்தும், நீ யாருக்குப் பயந்து சாவியை ஒளித்துவைத்தாயோ, அந்த ஆட்களின் கணக்கில் நானும் இருந்தேன்.

இந்தக் கோடையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், "வண்டி பூட்டிக்கீதா?" என்று கேட்டாய். பூட்டியிருக்கிறது என்றேன். "சாவி எங்க இருக்குன்னு இப்பவாவது சொல்லு," என்று கேட்டேன். உதடு காய்ந்திருந்தது, இருந்தும் சிரித்தாய். "தேடிகினே இருங்க. நான் வூட்டுக்கு வந்து எடுத்துக்கறேன்." வருவோம் என்றுதான் நினைத்திருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடக்கத்துக்கு முன்னால் உன் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்காவ அவரு குழிலயே வெச்சுடலாம் மாமா. குடும்பக் குழிதான், எடம் கீது. அதான் வயக்கம்."

"வேண்டாம். புது இடம் பாரு," என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். சாமியாரும் பார்த்தார். கல்லறைத் தோட்டத்தில் மேற்கு மதில் ஓரமாக, இரண்டு பேருக்கு இடம் இருக்கிற மாதிரி வாங்கினேன். உனக்கு எந்த இடம் வேண்டும் என்று உயிரோடு இருந்தபோது நான் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாயே என்ற பயம். அன்று சாவியைத் தூக்கிக் கொடுத்து உனக்குத் துரோகம் செய்தேன். இந்தமுறை உன்னை அவனிடம் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே புத்தியில் செய்ததுதான்.

இன்று மத்தியானம் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனேன். வருடா வருடம் இந்த நாளில் நீ அவன் குழியில் ஒன்று ஏற்றி வைப்பாய், நான் பத்தடி தள்ளி நிற்பேன். இன்று உனக்குப் பதிலாக அதையும் நான்தான் செய்ய வேண்டும். அவன் குழி வழியிலேயே இருக்கிறது என்பதால் முதலில் அங்கே ஏற்றினேன். ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டது. பிறகு உன்னிடம் வந்தேன். கடல் காற்று மதிலில் மோதிச் சுழன்றது. தூறலில் தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. ஒவ்வொரு குச்சியாகக் கிழித்தேன். ஒன்றுகூடப் பற்றவில்லை. பெட்டி காலியாயிற்று. திரும்பிப் பார்த்தேன். அங்கே அவனுடையது நின்று எரிந்துகொண்டிருந்தது.

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். யாரிடம் கேட்டாலும் தீக்குச்சி கொடுத்திருப்பார்கள். ஏனோ கேட்கவில்லை. உன் மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துக்கொண்டு அவனிடமே நடந்தேன். குனிந்து, "அண்ணாச்சி, கொஞ்சம் தீ தாங்க," என்றேன். அவனோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கையைக் குவித்து மறைத்துக்கொண்டு உன்னிடம் கொண்டுவந்தேன். அத்தனை காற்றிலும் வழியில் அணையவில்லை. நான் எவ்வளவு கிழித்தும் பற்றாதது, அவன் கொடுத்ததும் இப்படி நின்று எரிகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உன் தலைமாட்டில் அதை நட்டுவைத்துவிட்டு, ஆத்திரத்தோடேயே ஜெபம் சொன்னேன். உன்னிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான். இதை மட்டும் எடுத்துப் போய்விடு என்று எந்தச் சாமியிடமும் இதுவரை கேட்கவில்லை. இது இருக்கும்வரை நான் உன் புருஷன்.